நிணநீர்ப் புற்று: ஒரு பிழையால் விளைவதன்று

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மவர்க்கு நேரும் தொல்லைகளுள் ஒன்று, ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து அறிவது. டாக்டர் இந்தியில் பேசுவார். காகிதம் ஆங்கிலத்தில் இருக்கும். கேட்டுக்கொண்டு நிற்கும் வீட்டு அம்மாளுக்கோ இரண்டும் அரைகுறை. தலைநகரில் மொழிபெயர்ப்பாளன் என்று பெயர் எடுத்துவிட்டால், அண்டை அயலார் இத்தகைய காகிதங்களை நம்மிடம் கொண்டுவருவது இயல்பு. நானும் மறுப்பதில்லை. சர்க்கார் சுற்றறிக்கைகளை இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்தவனுக்கு ஒரு பரிசோதனை அறிக்கை எம்மாத்திரம் என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது.

எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ரயில்வேயில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்து, பெஜவாடா, இட்டார்சி என்று மாறி மாறித் தில்லிக்கு வந்து சேர்ந்தவர். அவருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு மாதமாகியும் கரையவில்லை. நெறியை வெட்டி எடுத்துப் பரிசோதித்ததில், நிணநீர்ப் புற்று என்று தெரியவந்தது. அதிலும் மெல்ல வளரும் வகை. ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்பது அதன் பெயர். குரோமோசோம்களுக்கு ஒளிரும் சாயமிட்டுப் பார்த்த சோதனையின் அறிக்கையும் உடன் இருந்தது. பதினான்காம் குரோமோசோமுக்கும் பதினெட்டாம் குரோமோசோமுக்கும் இடையே துண்டுகள் இடம் மாறியிருப்பதாக அது கூறிற்று. நான் அந்தப் பத்தியைத் தமிழாக்கி, முடிவில், 'இந்நோய் மரபுக் கோளாற்றினால் உண்டானது' என்று அழகாக எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மாலை அந்த அம்மாள் வந்தார். தாள் கையிலேயே இருந்தது. "தம்பி, சின்னவளுக்குச் சேலத்திலே பேசி முடித்திருக்கிறோம். வழிவழியாக வருகிற வியாதி என்று தெரிந்த பிறகு அவர்களிடம் சொல்லாமல் மறைப்பது பாவம் இல்லையா? சொன்னால் இந்த இடம் நிலைக்குமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நான் எழுதாத ஒன்றை அவர் படித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்க்கையில், நான் எழுதியதைத்தான் அவர் படித்திருக்கிறார் என்று விளங்கிற்று. மரபு என்றால் வழிவழி வருவது. தமிழ் அறிந்த எவரும் அப்படித்தான் கொள்வர். அடுத்த வாரம் அவர்களுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்று, அங்கிருந்த இளம் பெண் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஐந்து நிமிடத்தில் என் பிழையை எடுத்துக் காட்டினார். அதன் பின்னர் சில மாதங்கள் இதுபற்றித் தேடிப் படித்ததன் பயனை இங்கே சொல்லுகிறேன். நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞானியல்லன். ஆயினும், தவறிய இடத்தில் திரும்ப நின்று பார்த்தவன் என்ற உரிமை எனக்கு உண்டு.

மரபணு என்ற சொல் நல்ல சொல்தான். ஆனால் அதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. நம் உடலில் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் டி.என்.ஏ. என்னும் நூலிழையில், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, இரண்டு பிரதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். இவை 46 குரோமோசோம்களாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. தாய் தந்தையரின் வித்தணுவிலோ கருமுட்டையிலோ பிழை இருந்தால், அது பிள்ளையின் உயிரணு ஒவ்வொன்றிலும் இருக்கும், பேரப்பிள்ளைக்கும் போகக்கூடும். அதுதான் மரபுவழி வரும் பிழை. வேறொரு வகைப் பிழை உண்டு. பிறந்து வளர்ந்து வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் காலத்தில், உடலின் கோடானுகோடி உயிரணுக்களுள் ஏதோ ஒன்றில் மட்டும், அது தன்னைப் படியெடுக்கும்போது ஓர் எழுத்து தவறிவிடும். அந்த உயிரணுவின் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே அந்தப் பிழை உரியது. மனிதனின் வழித்தோன்றல்களுக்கு அதனோடு தொடர்பே இல்லை. பெரியவரின் அறிக்கையில் கண்டது இந்த இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே அடைமொழியால் குறிப்பது ஆங்கிலத்தின் வழக்கம். அதை அப்படியே நம் மொழிக்குள் இறக்கியது என் குற்றம்.

சரி, அந்த உயிரணு எது? கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகள் இருக்கின்றன. அவற்றில் நிணவணுக்கள் குடியிருக்கின்றன. நோய்க்கிருமிகளை அடையாளங்கண்டு எதிர்ப்பவை இவைதாம். இந்த நெறிகள் வீங்கி மாண்டவர்களைப் பற்றி லண்டன் கய்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்பவர் 1832ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆனால், நிணவணுக்கள் ஏன் இவ்விதம் கட்டு மீறுகின்றன என்பது விளங்க, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது.

விளங்கியபோது வெளிவந்த செய்தி வியப்பானது. மற்ற உயிரணுக்கள் தம் டி.என்.ஏ.வை உயிரினும் மேலாகக் காக்கின்றன. நிணவணு மட்டும் அதைத் தானே வெட்டுகிறது! உலகில் எத்தனை கிருமிகள் உண்டோ அத்தனைக்கும் ஏற்ற எதிர்ப்பொருள் வேண்டும்; அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மரபணு வைத்துக்கொள்ள இடம் போதாது. ஆகவே எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் பி வகை நிணவணு ஒவ்வொன்றும் எதிர்ப்பொருளுக்குரிய மரபணுவைப் பல துண்டுகளாக வெட்டி, புதிய முறையில் ஒட்டிக்கொள்கிறது. இதை 1976இல் ஸ்விட்சர்லாந்தில் இருந்து மெய்ப்பித்த ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டோனெகாவா, அதற்காக 1987இல் நோபல் பரிசு பெற்றார். வெட்டு அத்துடன் நிற்பதில்லை. கிருமி வந்து தாக்கியதும், நெறிக்குள் இருக்கும் ஒருவகைப் பயிற்சிக்கூடத்தில் நிணவணுக்கள் விரைந்து பெருகும். அப்போது ஒரு நொதி, எதிர்ப்பொருள் இன்னும் கூர்மையாகட்டும் என்று அதே மரபணுவில் வேண்டுமென்றே எழுத்துக்களை மாற்றும். கத்தியும் ஒட்டும் பசையுமாக வேலை செய்யும் இடத்தில் சில நேரம் கை தவறத்தானே செய்யும்? நிணநீர்ப் புற்றுகளுக்கு வித்திடும் பிழைகளுள் பல, நம்மைக் காக்கும் இந்த வேலையின்போதே நேர்பவை.

பெரியவரின் உயிரணுவில் நேர்ந்த முதல் தவறு இதுதான். பதினான்காம் குரோமோசோமில் எதிர்ப்பொருள் மரபணுவை வெட்டி ஒட்டும்போது, பதினெட்டாம் குரோமோசோமின் முனைத்துண்டு அங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இதை அவருக்கு விளக்க நான் திணறியபோது, அவரே கை கொடுத்தார். "ஜங்ஷனில் பெட்டியைக் கழற்றி வேறு வண்டியிலே கோத்துவிட்டார்கள், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். பதினெட்டாம் வண்டியில் பி.சி.எல்.2 என்ற பெட்டி அமைதியாக நின்றுகொண்டிருந்தது. பதினான்காம் வண்டியின் எஞ்சினோ பி நிணவணுவில் ஓயாமல் ஓடும் எஞ்சின். எதிர்ப்பொருளை இடைவிடாது உண்டாக்குவதற்காக அமைந்தது. அதன் பின்னால் கோக்கப்பட்டதும் பி.சி.எல்.2 அளவுக்கு மீறி ஓடத் தொடங்கிற்று. ஃபாலிக்குலர் வகையினருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்தக் கோப்பு மாற்றம் காணப்படுகிறது. ஃபிலடெல்ஃபியாவில் கார்லோ க்ரோச்சேயும் ட்ஸுஜிமோட்டோவும் 1980களின் நடுவில் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள்.

புற்றில் கண்ட மரபணு ஆகையால், இதுவும் உயிரணுவைப் பெருகத் தூண்டுவதாகவே இருக்கும் என்று எவரும் எண்ணுவர். மெல்போர்னில், வால்ட்டர் எலைசா ஹால் ஆராய்ச்சி நிலையத்தில், அப்போது மாணவராயிருந்த டேவிட் வாக்ஸ் என்பவர் சுசான் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோருடன் 1988இல் வேறொன்றைக் கண்டார். பி.சி.எல்.2 நிறைந்த உயிரணுக்களுக்கு வேண்டிய ஊட்டக் காரணியை நிறுத்திவிட்டார்கள். மற்றவை மடிந்தன, இவை மடியவில்லை. பெருகவும் இல்லை. சும்மா இருந்தன! இந்த மரபணு உயிரணுவைச் சாக விடாமல் செய்கிறதே அன்றி வளர்க்கவில்லை. நம் உடலில் நாள்தோறும் தேவை முடிந்த உயிரணுக்கள் தாமே தம்மை மாய்த்துக்கொள்கின்றன. அந்த ஒழுங்குக்கு உட்பட மறுத்துத் தங்கிவிடும் உயிரணு, விருந்துக்கு வந்து திரும்பிப் போகாதவனைப் போன்றது. அவன் ஒருவனால் வீடு இடிந்துவிடாது.

இங்குதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. மிக நுண்ணிய சோதனைகளைக் கொண்டு, நோயே இல்லாத மனிதர்களின் இரத்தத்தில் இந்த 14-18 கோப்பு மாற்றத்தைத் தேடிப் பார்த்தார்கள். முதிர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது இருந்தது! பெரும்பாலோரிடம் ஒரு லட்சத்தில் ஓர் உயிரணு, பத்து லட்சத்தில் ஓர் உயிரணு என்ற அளவில்தான். இருந்தும் அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நிணநீர்ப் புற்று வருவதில்லை. இதைப் படிக்கும் நேயர்களில் பலரிடமும், எழுதும் என்னிடமும் இத்தகைய உயிரணு ஒன்று இருக்கக்கூடும். ஐரோப்பாவில் பல ஆண்டுகளுக்கு முன் சேகரித்து வைத்த இரத்த மாதிரிகளைத் திரும்ப எடுத்து ஆராய்ந்து, 2014இல் ஒரு குழுவினர் எழுதினார்கள்: பிற்காலத்தில் ஃபாலிக்குலர் நோய் கண்டவர்களிடம் இத்தகைய உயிரணுக்கள் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே கூடுதலாக இருந்தன. ஆகவே, முதல் பிழை வேண்டும். ஆனால் அது போதாது.

முதல் பிழைக்கும் நோய்க்கும் நடுவில் எத்தனை ஆண்டு ஓடலாம் என்பதற்கு ஒரு சம்பவம், கதை போலவே இருக்கிறது. 2012இல் வெளியான ஆராய்ச்சி அது. ஒருவர் மற்றொருவருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காகத் தம் உயிரணுக்களைக் கொடுத்தார். பின்பு தம் நிணவணுக்களையும் கொடுத்தார். கொடுக்கும்போது அவருக்கு எந்த நோயும் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்துக் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ஃபாலிக்குலர் லிம்ஃபோமா கண்டது. இருவரின் புற்றிலும் அதே 14-18 கோப்பு, அதே இடத்தில், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. வேறு பல பிழைகளும் இருவருக்கும் பொதுவாக இருந்தன. அவற்றின் மேல், அவரவர்க்கே உரிய பிழைகளும் சில இருந்தன. ஒரு மூதாதை உயிரணு, சில பிழைகளைச் சுமந்தபடி, இரண்டு உடல்களில் குடியேறி, இரண்டிலும் தனித்தனியே மிச்சப் பிழைகளைச் சேர்த்துக்கொண்டது என்பதே இதற்குப் பொருள்.

பிழைகள் ஒன்றுக்கொன்று துணை போவதை எலிகளில் நேராகவே காட்டியிருக்கிறார்கள். மைக் என்று ஒரு மரபணு உண்டு. அது உயிரணுவைப் பெருக விரட்டுவது. 1985இல் அதை நிணவணுக்களில் ஓயாமல் ஓடும்படி அமைத்த எலிகளைப் பிறப்பித்தார்கள். பிறந்தது முதல் அவற்றின் பி அணு ஒவ்வொன்றிலும் அந்தக் கோளாறு உண்டு. ஒரு பிழை போதுமென்றால், பிறந்தவுடன் எல்லா அணுக்களும் ஒன்றாகப் புற்றாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. சில மாதங்கள் சென்ற பின்னரே கட்டி தோன்றிற்று; அதுவும் ஒரே அணுவின் சந்ததியாகத் தோன்றிற்று. கோடிக்கணக்கில் காத்திருந்தவற்றுள், இரண்டாம் பிழையைத் தற்செயலாகப் பெற்ற ஒன்றே முந்திக்கொண்டது. விரட்டும் மைக் வெறிகொண்டால், உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்ளும் காவலும் உடன் விழிக்கும். அந்தக் காவலைக் கெடுக்கும் துணை கிடைக்கும் வரை ஆட்டம் நடக்காது. 1990இல் ஸ்ட்ராசர் என்பவரும் கோரி குழுவினரும் மைக்கையும் பி.சி.எல்.2ஐயும் ஒரே எலியில் சேர்த்தார்கள். கட்டிகள் மிக விரைவில் வந்தன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கோர்ஸ்மேயர் குழுவினர் மறு திசையிலிருந்து இதையே கண்டனர். பி.சி.எல்.2 மட்டும் கொண்ட எலிகளில் வெகுகாலம் வீக்கமே இருந்தது, புற்றில்லை. நீண்ட காலத்தின் பின் கடும் புற்றாக மாறியவற்றைத் திறந்து பார்த்தால், பலவற்றில் மைக் தானாகவே இடம் மாறியிருந்தது. வேண்டிய துணையை நோயே தேடிக்கொண்டது போலும்! மனிதரிலும் இவ்விரண்டும் சேர்ந்து வரும் நிணநீர்ப் புற்று உண்டு. அதைத் தனி வகையாகவே 2016ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனத்தின் வகைப்பாடு பிரித்து வைத்தது, அது கடுமையானது.

மைக் மரபணுவைச் சொன்னபின் உகாண்டாவைச் சொல்லாமல் விட முடியாது. டெனிஸ் பர்கிட் என்ற ஐரிஷ் சர்ஜன், சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர், கம்பாலாவில் முலாகோ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். தாடை வீங்கிய குழந்தைகளை அடுத்தடுத்துக் கண்டு, 1958இல் அந்தக் கட்டியைப் பற்றி எழுதினார். பின்னர் 1961இல் இரு நண்பர்களுடன் ஒரு பழைய மோட்டாரில் ஏறக்குறைய 10,000 மைல் சுற்றி, எந்த ஊரில் இக்கட்டி உண்டு, எந்த ஊரில் இல்லை என்று விசாரித்து வரைபடம் எழுதினார். வெப்பமும் மழையும் மிகுந்த, மலேரியா மலிந்த நிலப்பகுதியோடு அந்தப் படம் பொருந்தி வந்தது. அவருடைய லண்டன் சொற்பொழிவைக் கேட்ட அந்தோணி எப்ஸ்டீன், கம்பாலாவிலிருந்து கட்டித்துண்டுகளை வரவழைத்து ஆராய்ந்தார். பனிமூட்டத்தால் ஒருமுறை விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. துண்டு லண்டன் வந்து சேர்வதற்குள் நீர் கலங்கிவிட்டது. கெட்டுப்போயிற்று என்று எறிந்திருக்கலாம். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், கலங்கலெல்லாம் உயிரோடு மிதக்கும் புற்றணுக்கள்! அவற்றை வளர்த்து, 1964இல் எப்ஸ்டீன், அகாங், பார் மூவரும் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள். மனிதப் புற்றுடன் தொடர்புள்ளதாகக் கண்ட முதல் வைரஸ் அதுவே.

அப்படியானால் வைரஸே காரணம் என்று முடித்துவிடலாமா? உலகில் முதிர்ந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த வைரஸைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மலேரியாவா? மலேரியா கண்ட குழந்தைகள் எண்ணிலடங்கார். இக்கட்டி கண்டவர்கள் அவர்களுள் மிகச் சிலர். 1982இல் குரோமோசோம் ஆராய்ச்சி வேறொரு கண்ணியைக் காட்டிற்று. எட்டாம் குரோமோசோமிலுள்ள மைக், பதினான்காம் குரோமோசோமின் அதே ஓயாத எஞ்சினுக்குப் பின்னால் கோக்கப்பட்டிருந்தது. இப்போது இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. வைரஸ் நிணவணுவைச் சாகவிடாமல் தாங்குகிறது. மலேரியா, நெறிகளின் பயிற்சிக்கூடத்தை நெடுநாள் மூடவிடாமல் வைத்து, வெட்டும் நொதிக்கு ஓய்வில்லாமல் செய்கிறது. அந்த வெட்டுகளுள் ஒன்று தவறி மைக் இடம் மாறுகிறது. அதன் பிறகும் வேலை முடிவதில்லை. டி.பி.53 என்ற காவல் மரபணு கெட வேண்டும். அல்லது, 2012இல் பல குழுக்கள் கண்டபடி, ஐ.டி.3, டி.சி.எஃப்.3 முதலிய வேறு மரபணுக்களில் பிழை சேர வேண்டும். ஒரு குழந்தையின் தாடையில் தெரியும் அந்தக் கட்டிக்குப் பின்னால் இவ்வளவு தற்செயல்கள் ஒன்றாகக் கூட வேண்டியிருக்கிறது.

பெரியவரின் வகைக்குத் திரும்புவோம். டி.என்.ஏ.வின் எழுத்துக்களை விரைவாகப் படிக்கும் இயந்திரங்கள் வந்தபின், 2010, 2011 ஆண்டுகளில் கனடாவின் வான்கூவரிலும் நியூயார்க்கிலும் இருந்த குழுவினர் இந்தப் புற்றுகளை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். இரண்டாம், மூன்றாம் பிழைகள் எவை என்று அப்போது தெரிந்தது. அவற்றுள் முக்கியமானவை, உயிரணுவைப் பெருகு என்றோ சாகாதே என்றோ கட்டளையிடும் மரபணுக்களே அல்ல. எந்த ஏட்டைத் திறப்பது, எதைக் கட்டி வைப்பது என்று முடிவு செய்யும் மரபணுக்கள். ஓர் அலுவலகத்தில் பதிவறைக் காப்பாளன் தவறினால் எப்படியோ அப்படி. கே.எம்.டி.2டி என்னும் அத்தகைய மரபணு ஃபாலிக்குலர் நோயாளரில் பெரும்பாலோரிடம் கெட்டிருக்கிறது, சி.ஆர்.இ.பி.பி.பி. பலரிடம், இ.இசட்.எச்.2 ஏறத்தாழ நாலில் ஒருவரிடம். நிணவணு முதிர்ந்து ஓய்வுபெறச் சொல்லும் ஏடுகள் மூடியே கிடக்கும். சாக மறுக்கும் உயிரணு, முதிரவும் மறுக்கிறது. விருந்தாளி இப்போது சமையற்கட்டைக் கைப்பற்றிவிட்டான்.

இந்தப் பிழைகள் எல்லோருக்கும் ஒரே வரிசையில் வருவதில்லை. ஒரே நோயாளியின் எல்லாப் புற்றணுக்களிலும் ஒன்றாகவும் இருப்பதில்லை. பீட்டர் நோவெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1976இலேயே இதைச் சொன்னார். ஒரே உயிரணுவிலிருந்து கிளைக்கும் சந்ததியில் புதுப் பிழைகள் நேர, வலுத்த கிளை மற்றதை மூடி வளரும் என்பது அவர் கருத்து. ஃபாலிக்குலர் நோயாளரில் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு மெல்ல வளரும் கட்டி கடும் வகையாக மாறுவது இத்தகைய கிளையால்தான். அப்போது டி.பி.53 கெட்டிருப்பதும், மைக் இடம் மாறியிருப்பதும் பலரிடம் காணப்படுகின்றன.

சிகிச்சையின் போக்கும் இதிலிருந்தே விளங்கும். டாக்டர் பெரியவருக்கு மருந்து ஒன்றும் எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். "புற்று என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்புகிறார்களே, ஏழைகள் என்பதாலா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அப்படியன்று. தொல்லை தராத நிலையிலுள்ள இவ்வகை நோயாளர் 309 பேரை இங்கிலாந்தில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே மருந்து கொடுத்தும், மறு பிரிவைக் கண்காணித்து மட்டும் பார்த்தார்கள். 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இரு பிரிவினரின் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. மெல்ல நகரும் நோயை விரட்டி அடிப்பதைவிட, அது வேகம் எடுக்கிறதா என்று பார்த்திருப்பதே பலருக்கும் தக்கது. புதிதாக ஒரு நெறி விரைந்து வீங்கினாலும், காரணமின்றிக் காய்ச்சல் வந்தாலும், இரவில் படுக்கை நனைய வியர்த்தாலும், எடை குறைந்தாலும், குறித்த நாள் வரை பொறுக்காமல் உடனே வரவேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

முதல் பிழையை மட்டும் மருந்தால் அடைத்தால் என்ன என்ற கேள்வியும் எழும். பி.சி.எல்.2ஐயே குறிவைக்கும் வெனிட்டோக்ளாக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. இரத்தத்தில் நிணவணு பெருகும் ஒரு நாட்பட்ட நோயில், தொடக்கச் சோதனையில் பத்தில் எட்டுப் பேருக்கு அது பலனளித்தது. 14-18 கோப்பையே அடையாளமாகக் கொண்ட ஃபாலிக்குலர் நோயிலோ, தனியே கொடுத்துப் பார்த்த சிறு சோதனையில் பத்தில் நால்வருக்கே பலன் கண்டது. முதலில் தவறியது எதுவோ அதைத் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும் என்ற கணக்கு இங்கே செல்லவில்லை. அதனால்தான் பல வழியிலும் ஒருங்கே தாக்கும் கூட்டு மருந்துகளை டாக்டர்கள் நாடுகிறார்கள்.

பெரியவர் ஒரு நாள், "அப்படியானால் இது எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார். முதல் பிழை மஜ்ஜையில் நேர்வது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே நேர்ந்திருக்கலாம் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணி, "அப்போது இட்டார்சியில் இருந்தேன். அங்கே வெயில் கொடுமை" என்றார். "வெயிலாலே இல்லை என்று தம்பி இவ்வளவு நேரம் சொன்னாரே" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சேலத்தாருக்குக் கொடுக்க, அந்தத் தாளை நான் மறுபடியும் மொழிபெயர்த்தேன். டாக்டரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றே கூடுதல் என்று கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆனால் அந்தக் கூடுதலும் மிகச் சிறியதே; தந்தைக்கு வந்ததால் மகளுக்கு வரும் என்று சொல்வதற்கில்லை. தொற்றும் நோயும் அன்று. இதையும் மறைக்காமல் எழுதினேன். கடைசி வாக்கியம் இப்படி அமைந்தது: 'பிறந்தபின், நிணவணு ஒன்றில் மட்டும், வெவ்வேறு காலங்களில் நேர்ந்த பல பிழைகள் சேர்ந்து உண்டான நோய், இப்பிழைகள் பெற்றோரிடமிருந்து வந்தவையல்ல, பிள்ளைகளுக்குச் செல்பவையுமல்ல.'

முதல் மொழிபெயர்ப்பைவிட நீளமான வாக்கியந்தான். திருமணம் ஆவணியில் நடந்தது. பெரியவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். நெறி இருந்த அளவிலேயே இருக்கிறது.